பச்சைப் பிணைமுறியும் அண்ணையின் வள்ளமும்

1

அண்ணையின் ஆண்டுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுதான் போன் அதிர்ந்தது. போலந்திலிருந்து மாரெக். மின்சாரக் காற்றாடிக்குச் செட்டை வார்க்கிற பக்ரறியில் என்னோடு ஒரே அச்சில் வேலை செய்கிறவன். எழுதாமல் குரலில் பேசி அனுப்பியிருந்தான். அம்மா பூசைக்கு வந்த சனத்துக்குப் பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டு நின்றா. நான் மதிலோரம் போய்ப் போனைக் காதில் வைத்தேன். அவன் பேசியது போலிஷ். எனக்கு விளங்கினதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"றொசான், அரசாங்கம் பச்சைப் பிணைமுறியைத் தள்ளிப்போட்டுது. காத்தாடிக் கொம்பனி ஓடரைத் தள்ளிப்போட்டுது. எங்கடை அச்சை இண்டைக்கு நிப்பாட்டியாச்சு. ஆக்களைக் குறைக்கப்போறாங்கள். லீவிலை நிக்கிற ஆக்களின்ரை பேரைத்தான் முதல்லை கதைக்கிறாங்கள்."

திரும்பவும் கேட்டேன். நான் பிழையாக விளங்கியிருப்பேன் என்று ஒரு நப்பாசை. இரண்டாம் தரமும் அதையேதான் சொன்னான்.

கோயில் மதில் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது, நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூசை மாமா, அம்மாவின் தம்பி, பணிஸைச் சப்பிக்கொண்டு வந்தார்.

"என்ன மருமோன், வெள்ளைக்காரன் நீயில்லாமல் சோறு தின்ன மாட்டானாமோ?"

"சும்மா சுகம் கேக்கிறான் மாமா."

"சுகம் கேட்டதுக்கே மூஞ்சை வெளுத்துப்போச்சு? அப்ப திட்டினால் எப்பிடியிருக்கும்?"

சிரித்தேன். சிரிக்கிறதுக்கு அவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

2

வேலை போனால் வேறு வேலை தேடலாம்தானே, இதற்கு ஏன் இவன் இப்படிப் பயப்படுகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதனால் வள்ளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

குருநகரில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் ஆளைப் பறிகொடுத்த வள்ளத்தை ஆண்டுப் பூசை முடியும்வரை தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கரையில் கவிழ்த்து, கிடுகு போட்டு மூடி வைப்பார்கள். பூசை முடிந்து ஒரு கிழமைக்குள் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளிப்பார். பிறகு அந்த வீட்டு ஆம்பிளை ஒருவன் முதலில் கால் வைத்து ஏற வேண்டும். ஏறுகிறவன்தான் இனி அந்த வள்ளத்துக்கு ஆள். வீட்டில் ஆம்பிளை இல்லையென்றால் வெளியாளுக்குக் கொடுக்கலாம். ஆம்பிளை இருக்கிற வீடு கொடுத்தால் கரையில் கதை வரும்.

அப்பா நான் சின்னவனாக இருந்தபோதே வருத்தம் வந்து செத்துப்போனார். அண்ணை போன மாசியில் கடலில் போனார். மிச்சம் இருக்கிற ஆம்பிளை நான் ஒருவன்தான். வெளிநாட்டில் வேலை இருக்கிறது என்பது ஒன்றுதான் என்னைத் தப்ப வைக்கிற சாட்டு. "அவன் போலந்திலையெல்லோ, அவன் எப்பிடி ஏறுறது" என்று கரையும் சொல்லும், சுவாமியும் சொல்லுவார். அந்த வேலை போய்விட்டால் நான் வள்ளத்தில் ஏறவேண்டும். அம்மாவும் அண்ணியும் அண்ணையின் பிள்ளையும் சாப்பிட வேறு வழி இல்லை.

எனக்குக் கடல் பயம். குருநகரில் பிறந்து இதை எழுதுகிறேன். எழுத வெட்கமில்லை. வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சம் போய், காலுக்குக் கீழே நிலம் எட்டாது என்று தெரிந்ததும் என் மூச்சு நின்றுவிடும். கண்ணை மூடினால் இன்னும் மோசம். என்னோடு படித்த பெடியள் "டேய், நண்டுகூட உன்னைவிடத் தூரம் போகுமடா" என்று நையாண்டி செய்வார்கள். அண்ணை இரண்டு மூன்று தடவை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். நான் வள்ளத்துக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு சத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு, "நீ கரையிலை நிண்டு ஓட்டை அடையடா தம்பி. கடலை நான் பாக்கிறன்" என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைக் கடலுக்குக் கூப்பிடவில்லை. யாராவது என்னைச் சீண்டினால் அவர்களோடு சண்டைக்குப் போவார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டேன். கரையில் இருந்து உடைந்த வள்ளங்களுக்குப் பைபர் துணி ஒட்டினேன். பழைய பைபரைச் சுரண்டி, துணியை அளந்து வெட்டி, பசையைக் குழைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி ஒட்டவேண்டும். அந்த வேலை தெரியும் என்றபடியால்தான் ஏஜென்சிக்காரன் என்னைப் போலந்துக்கு எடுத்தான். காற்றாடியின் செட்டையும் பைபர்தான். வள்ளத்துக்கு ஒட்டுகிற அதே துணி, அதே பசை. அளவுதான் பெரிது. ஒரு செட்டையைக் குருநகரில் படுக்கப்போட்டால் எங்கள் ஒழுங்கையில் தொடங்கி கோயில் முற்றம் தாண்டிப் போகும்.

3

பிணைமுறி என்றால் எங்கள் ஆட்களுக்கு ரிவிச் செய்தியில் வருகிற மத்திய வங்கிக் களவு ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். மாரெக் முதல் தடவை சொன்னபோது, இது நமக்குத் தேவையில்லாத கதை என்று பாணைத் தின்றுகொண்டிருந்தேன்.

அவன் சொன்னது இதுதான். அரசாங்கமோ வங்கியோ பெரிய கொம்பனியோ சனத்திடம் கடன் வாங்கும். இத்தனை வருஷத்தில் வட்டியோடு திருப்பித் தருவேன் என்று முறி எழுதிக் கொடுக்கும். அதுதான் பிணைமுறி. அந்தக் காசைக் காற்றாடி, சூரிய மின்சாரம், தண்ணீர், காடு மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான் செலவழிப்பேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தால் அது பச்சைப் பிணைமுறி. உலகத்தில் அரசாங்கம் என்று முதன்முதலில் அதை விட்டது போலந்துதானாம். மாரெக் அதைச் சொல்லும்போது தான் விட்டது மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு இன்னும் ஒன்றிரண்டு தடவை விட்டார்கள். பிறகு சில வருஷம் சத்தமே இல்லை. மற்ற நாடுகள் எல்லாம் முந்திக்கொண்டு போக, தொடக்கி வைத்தவன் கரையில் இருந்துவிட்டான். இப்போதுதான் திரும்ப இறங்குகிறார்கள். அரசாங்கம் இறங்கினால் வங்கிகள் இறங்கும். வங்கிகள் இறங்கினால் காற்றாடிக் கொம்பனிகள் இறங்கும். அவர்கள் இறங்கினால் எங்கள் அச்சில் வேலை.

இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கரையிலும் அப்படித்தானே. காற்று மாறுகிற நாளில் எல்லோரும் குந்தியிருந்து பார்ப்பார்கள். ஒரு வள்ளம் போனால் இன்னொன்று போகும். பிறகு கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. விடிய எழும்பியதும் போனில் அந்த நாட்டுச் செய்தியைப் பார்ப்பேன். பச்சைப் பிணைமுறி என்பதற்குப் போலிஷில் "ஸியெலோனெ ஒப்லிகாட்சியெ". அந்த இரண்டு சொல்லை மட்டும் அடித்துத் தேடுவேன். வந்ததைப் போன் தமிழாக்கித் தரும். பாதி விளங்காது. கூடியதோ குறைந்ததோ, அது மட்டும் விளங்கினால் போதும். கூடினால் அன்றைக்குப் பனிக்குள் பஸ்ஸுக்கு நடக்கிறது இலேசாக இருக்கும். குறைந்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. அண்ணை எழும்பியதும் வாசலுக்கு வந்து, வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று முகத்தைக் காட்டிப் பார்ப்பார். நான் போனுக்கு முகத்தைக் காட்டினேன்.

அண்ணை போனதற்குப் பிறகு அந்த வேலையே எனக்குப் பயமாகிவிட்டது. பசை வாசம். தொடக்கத்தில் அந்த வாசம் மூக்கில் பட்டதும் ஊரில் நிற்கிற மாதிரி ஒரு தைரியம் வரும். இப்போது முகமூடி போட்டாலும் உள்ளே வந்துவிடுகிறது. துணியை உருட்டிக்கொண்டு போகும்போது, அண்ணையின் வள்ளத்தில் நான் ஒட்டின இடம் ஏதாவது பிரிந்திருக்குமோ என்று மனம் போகும். பிரியவில்லை. வள்ளம் முழுதாகத்தான் கிடைத்தது. அதில் ஆள்தான் இல்லை. அண்ணை பிறகுதான் கரை ஒதுங்கினார்.

4

நான் செத்தவீட்டுக்கு வரவில்லை.

அந்த நேரம் என் வதிவிட அட்டை அலுவலகத்தில் கிடந்தது. அட்டை கைக்கு வரமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர ஏலாது. அலுவலகத்துக்கு ஓடினேன். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு குந்தியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் "பிராத், மோஜே" என்று சொன்னேன். அண்ணன், கடல். எனக்கு அந்தப் பாஷையில் சாவு என்ற சொல் வரவில்லை. அந்த மனுஷி என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தந்தா. அட்டை தர ஏலாது என்றும் சொன்னா. இரண்டையும் ஒரே கையால் செய்த மாதிரி இருந்தது. அவவில் பிழையில்லை.

அண்ணையை அடக்கம் செய்ததைப் போனில்தான் பார்த்தேன். யார் பிடித்தார்களோ தெரியாது, படம் ஆடிக்கொண்டே இருந்தது. குழிக்குள் இறக்கும்போது நெற்வேக் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண் மூடியாகிவிட்டது.

அந்த அட்டை இப்போது என் பொக்கற்றில் இருக்கிறது. அதை எடுக்கக் கொடுத்த வேலை அனுமதியில் என் பக்ரறியின் பெயர்தான் இருக்கிறது. பக்ரறி என்னை விட்டால் கொஞ்ச நாளுக்குள் இன்னொரு இடம் பிடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். பாஷை தெரிந்தவர்களே அதற்குள் மூச்சு வாங்குகிறார்கள். என் பாஷை எப்படியென்றால், வந்த புதிதில் மேற்பார்வை செய்கிற பெண் சனிக்கிழமை வேலைக்கு வருவாயா என்று கேட்டா. நான் "நோ" என்றேன். போலிஷ்காரர் கதைக்கும்போது "நோ" என்றால் ஓம் என்ற மாதிரித்தான். இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை செய்தேன். மாரெக் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் பாண் புரைக்கேறியது.

ஊரில் இப்போது இன்னொரு சிக்கல். அண்ணையின் மகளுக்கு நாலு வயது. என்னைப் போனில் மட்டும்தான் தெரியும். நான் வந்து இறங்கிய அன்றைக்கு, என்னைப் பார்த்துவிட்டு, அண்ணியின் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா இதுக்கை இல்லையம்மா. எங்கை போயிட்டார்?"

"இந்தா நிக்கிறாரெல்லோ."

"இவர் பெரிசு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இன்னும் என் மடியில் இருக்கவில்லை.

5

நான் விட்ட பிழையை எழுதவேண்டும். இதைக் கரையில் வளராத ஒருத்தன் விட மாட்டான்.

மார்கழியில் இருந்தே பிணைமுறிச் செய்தி குறைந்துகொண்டு வந்தது. ஒரு வங்கி விடுவதாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. ஒரு கொம்பனி இப்போது வட்டி சரியில்லை என்றது. பக்ரறியில் ஒரு அச்சு மெதுவாக ஓடத் தொடங்கியது. எனக்குப் பயம் வந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். காற்றுச் சரியில்லாத காலத்தில் கடற்காரன் என்ன செய்வான்? கரையில் ஏறுவான். வலை பொத்துவான். கலியாணம் காட்சிக்குப் போவான். காற்று மாறியதும் திரும்பப் போவான். அவன் கரையில் நின்றான் என்று கடல் ஒருவனையும் வேலையால் நிற்பாட்டாது. பிணைமுறியும் காற்று மாதிரி ஒரு பருவத்துக்கு விழுந்து ஒரு பருவத்துக்கு எழும்பும் என்று நினைத்தேன். அண்ணையின் ஆண்டும் மாசியில்தான் வருகிறது. எல்லாம் பொருந்தி வருகிறது என்று நானே கெட்டித்தனமாக நினைத்துக்கொண்டு லீவு கேட்டேன்.

மாரெக் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"இப்பவோ? உனக்கு விசரோ? வேலை குறையிற நேரத்திலைதான் வெள்ளென வந்து பிந்திப் போகவேணும். உன்ரை மூஞ்சை அவங்கடை கண்ணிலை பட்டுக்கொண்டே இருக்கவேணும்."

"வேலை இல்லாத நேரம் நிண்டு என்ன செய்யிறது?"

"நிக்கிறதுதான் வேலை."

நான் அதை நம்பவில்லை. அவன் தரையில் பிறந்தவன், அவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். லீவு உடனே கிடைத்தது. அவ்வளவு லேசாக ஏன் தந்தார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

6

அடுத்த வியாழக்கிழமை அரசாங்கம் அந்தப் பிணைமுறியைத் திரும்ப விடப் பார்க்கிறதாம் என்று மாரெக் இரண்டாவது செய்தி அனுப்பினான். அது நன்றாக விலைப்பட்டால் கொம்பனிகளும் இறங்கும், அச்சு திரும்ப ஓடும். விலைப்படாவிட்டால் இல்லை. சுவாமி தீர்த்தம் தெளிக்க வருகிறது வெள்ளிக்கிழமை காலை.

வியாழன் வரைக்கும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நித்திரையில்லை. சாப்பாட்டைப் பிசைந்துபோட்டு எழும்பினேன். ஒரு நாள் பின்னேரம் வளவுக்குள் நின்று பக்ரறி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே இருக்கிற பெண் மரியாதையாகத்தான் கதைத்தா. நான் திரும்பத் திரும்ப "ப்ரோஷெ, ப்ரோஷெ" என்று கெஞ்சினது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை வந்து கதை என்றா. நான் திங்கட்கிழமை குருநகரில் நிற்பேன் என்பதை எப்படிச் சொல்கிறது என்று தேட, கட் பண்ணிவிட்டா. திரும்பிப் பார்த்தேன். அம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை சூசை மாமா நண்டு கொண்டு வந்தார். அண்ணி காய்ச்சினா. சாப்பிட்டுக்கொண்டே மாமா தொடங்கினார்.

"மருமோன், இஞ்சையும் உந்தப் பச்சைப் பிணைமுறி வந்திட்டுதாம் தெரியுமே? கொழும்பிலை கொம்பனியள் ஒண்டொண்டாய் விடுறாங்களாம். மீன்பிடிச் சங்கக் கூட்டத்திலை ஒருத்தன் வந்து படம் போட்டுக் காட்டினவன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்னத்துக்காம் மாமா?"

"காத்தாடிக்குத்தான். வேறை என்னத்துக்கு? வடக்கிலை காத்து நல்லாய் அடிக்குதாம். இவ்வளவு காலமும் அடிச்ச காத்து அவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

"அப்ப இஞ்சை வேலை வருமோ?"

"வேலையோ! கடலுக்கை தூண் நட்டு வயர் இழுத்தால் நாங்கள் வலையை எங்கை போடுறது, உன்ரை தலையிலையோ? கேட்டன். அதுக்கு அவன், ஐயா இது சுற்றாடலுக்கு நல்லது எண்டுறான். நான் சொன்னன், தம்பி, நாங்களும் சுற்றாடலுக்கைதான் இருக்கிறம் எண்டு."

அண்ணி சிரித்தா. அண்ணை போனபிறகு அண்ணி சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா உசாராகி அண்ணியிடம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லு. உவன் அங்கை செட்டை செய்யிறான். அந்தச் செட்டை கப்பலேறி வந்து எங்கடை வலை போடுற பாட்டுக்கு மேலை சுத்தப்போகுது. சொந்த மாமன்ரை வயித்திலை அடிக்கிற மருமோனை ஊரிலை ஆர் கண்டது?"

"மாமா, அவங்கள் விடுறது கூடினாலும் பயம், குறைஞ்சாலும் பயம் எனக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"குறைஞ்சால் உனக்கென்னடா பயம்?"

"ஒண்டுமில்லை."

மாமா நண்டுக் காலைக் கடித்தபடி அம்மாவிடம் திரும்பி, "அக்கா, வெள்ளிக்கிழமை இவன் ஒருக்கால் கால் வைச்சு ஏறட்டும். வழக்கத்துக்கு. பிறகு நான் கொஞ்ச நாள் பாக்கிறன். வெளியிலை குடுக்கிற கதை வேண்டாம். அவன்ரை வள்ளமெல்லே" என்றார்.

அம்மா "கறிக்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா.

7

வியாழக்கிழமை மத்தியானத்தில் இருந்து நான் கரையில், கவிழ்த்திருந்த வள்ளத்தின் நிழலில் போனோடு இருந்தேன். போலந்தில் அப்போதுதான் காலை. பெடியள் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் "போலந்து, கடல் இந்தப் பக்கம். போனுக்கை இல்லை" என்றான். போனில் அந்த இரண்டு சொல்லையும் அடித்து அடித்து என் விரல் வியர்த்துப்போனது.

வெயில் சாயச் செய்தி வந்தது. விலைப்பட்டுவிட்டது. விட்டதை விட எத்தனையோ மடங்கு ஆட்கள் கேட்டு வந்தார்களாம். நல்ல வரவேற்பு என்று எழுதியிருந்தது. நான் எழும்பி நின்றேன். வள்ளத்தின் அடியில் கையால் அடித்தேன். அண்ணை, தப்பினேன் என்று வாய்விட்டே சொன்னேன். மாரெக்குக்குப் போன் எடுத்தேன்.

"கண்டனியோ? வித்துப்போச்சு!"

அவனுக்குப் பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"கண்டனான். கீழை வாசிச்சனியோ? அந்தக் காசு ரயில் பாதைக்கு. மிச்சம் காட்டுக்கு. காத்தாடிக்கு இல்லை."

"பச்சையெண்டால் காத்தாடிதானே?"

"ரயிலும் பச்சைதான் றொசான். எங்கடை ஓடர் அடுத்த வருஷத்துக்குப் போயிட்டுதாம். உனக்கும் எனக்கும் வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள்."

"உனக்குமோ? நீ ஒரு நாளும் லீவு எடுக்கேல்லையே."

"இல்லைத்தான்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அழுதானோ, குளிரோ தெரியாது. இவ்வளவு காலமும் கூடுதா குறையுதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடினாலும் அது என் பக்கம் வரவேண்டும் என்று இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. கடலில் நல்ல காற்று அடித்தால் கரையில் இருக்கிற எல்லா வள்ளத்துக்கும்தான் அடிக்கும். அது அப்படியான காற்றில்லை.

திரும்ப வீட்டுக்கு நடக்கும்போது ஒரே நினைவுதான். நாளைக்குக் காலையில் ஏறவேண்டும். ஒருநாள் வழக்கத்துக்கு இல்லை. இனி எந்த நாளும். அண்ணை இருந்த இடத்தில் இருந்து, அண்ணை பிடித்த எஞ்சினைப் பிடித்து, காலுக்குக் கீழே நிலம் இல்லாத இடத்துக்குப் போகவேண்டும்.

8

வெள்ளிக்கிழமை விடிய எழும்பி, அண்ணையின் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். ஏறுகிறதென்றே முடிவு. பயந்துகொண்டுதான் போனேன், ஆனால் போனேன். சுவாமி வந்து நின்றார். மாமா நின்றார். அம்மாவும் அண்ணியும் எனக்கு முன்னமே வந்து நின்றார்கள். வள்ளத்தை நிமிர்த்திக் கழுவியிருந்தார்கள். பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஆள், பாசையூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், தோளில் துவாயோடு நின்றார்.

சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தா.

"நில்லு."

பாசையூர்க்காரர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வள்ளத்தில் கால் வைத்து ஏறினார்.

கரையில் இருந்த சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. மாமாவுக்கு முகம் சிவந்தது.

"அக்கா! ஆம்பிளை நிக்கத்தக்கதாய் என்ன வேலை இது? ஊர் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும்" என்றா அம்மா.

அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தா. "நானும் சேர்ந்துதான் குடுத்தனான் மாமா. பங்கு தருவார். அது காணும் எங்களுக்கு. தம்பி, நீங்கள் கோவிக்கக் கூடாது."

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, என் வேலை நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் இருந்த ஒரே வழியையும் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வெட்கத்தோடு இன்னொன்றும் எழுதவேண்டும். அந்த மனுஷன் ஏறியதைக் கண்டதும் ஒரு கணம் என் நெஞ்சுக்குள் இருந்து ஏதோ இறங்கிப் போய், நான் நன்றாக மூச்சு விட்டேன். அடுத்த கணமே பயம் திரும்ப வந்தது. நான் அம்மாவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அம்மா, எனக்கு அங்கை வேலை போயிட்டுது. நான் சொல்லேல்லை. நீங்கள் தெரியாமல் குடுத்திட்டியள்."

"தெரியும்."

"என்னண்டு தெரியும்?"

"நான் கிணத்தடியிலை நிக்கேக்கை நீ போனிலை கதைச்சாயெல்லோ. உந்தப் பாஷை எனக்குத் தெரியாது. உன்ரை குரல் எனக்குத் தெரியாதே? சின்னனிலை வள்ளத்துக்கை படுத்துக்கொண்டு அண்ணையைக் கூப்பிட்ட குரல்தானே அது."

"தெரிஞ்சுகொண்டு ஏனம்மா குடுத்தனீங்கள்?"

"தெரிஞ்சபடியால்தான் குடுத்தனான். வேலை இருந்திருந்தால் வள்ளம் கிடந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிருப்பன். இல்லையெண்டதும் நீ ஏறுவாய். பயந்து பயந்து எண்டாலும் ஏறுவாய். எனக்குத் தெரியும்."

அம்மா அழவில்லை. என்னுடைய சாரத்தின் மடிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

அங்கே வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ள ஆள் காணாது என்று கூப்பிட்டார்கள். மாமா கோபத்தோடு போய்ப் பிடித்தார். நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். என் கை பட்ட இடத்தில் நான் ஒட்டின பைபர் பொருக்கில்லாமல் வழுவழுப்பாக இருந்தது. முழங்கால் தண்ணீர் வரைக்கும் தள்ளினோம். எஞ்சின் பிடித்து, வள்ளம் போனது.

நான் போலந்துக்குத் திரும்பிப் போகிறேன். அட்டை இன்னும் கொஞ்ச நாளுக்குச் செல்லுபடியாகும். மாரெக்கும் நானும் சேர்ந்து வேறு பக்ரறி தேடுவதாகக் கதைத்திருக்கிறோம். ரயில் பாதைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்கிறான். எனக்கு அந்த வேலை தெரியாது. கிடைக்குமோ தெரியாது. காலமை எழும்பி அந்த இரண்டு சொல்லையும் தேட இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொன்னேன். கொழும்பு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு வாசலில் நிற்கும்போது, எனக்குப் பயமாயிருக்கம்மா என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

"பயப்பிடு" என்றா அம்மா. "தரையிலை நிண்டு பயப்பிடு மோனை."